பம்பாய்த் தேக்கும் திருகோணமலைக் கப்பலும்

மழைக்காலத்தில் மாகிம் கடற்கரைப் பக்கமோ வொர்லிக் கோலிவாடாப் பக்கமோ சென்ற அன்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கடலில் உலாவ வேண்டிய படகுகள் கரையேறி நிற்கும். சில கவிழ்ந்து கிடக்கும். சில முட்டுக் கொடுக்கப்பட்டு நிமிர்ந்து நிற்கும். கோலி மீனவர்கள் அவற்றைச் சுற்றி அமர்ந்து, பழைய வண்ணத்தைச் சுரண்டுவார்கள். உளுத்த பலகையைப் பெயர்ப்பார்கள். இடுக்குகளில் பஞ்சு திணிப்பார்கள். நம்மவர் ஆவணி அவிட்டம் கொண்டாடும் காலத்து முழுநிலா நாளில், நாரளி பௌர்ணமி என்று பெயரிட்டுக் கடலன்னைக்குத் தேங்காய் படைத்த பின்னரே மீண்டும் படகு கடலில் இறங்கும். இன்று கண்ணாடி இழைப் படகுகள் பெருகிவிட்டன. ஆயினும் மரப் படகுகள் முற்றும் மறைந்துவிடவில்லை.

ஒரு மரக்கலம் எத்தனை ஆண்டு வாழும்? மரத்தின் ஆயுள் வேறு, கலத்தின் ஆயுள் வேறு. வருடந்தோறும் பழுது பார்க்கும் கை இருக்கும் வரையில் கலம் வாழும். கை ஓய்ந்தால், தேக்கேயானாலும் மண்ணாகும். இவ்வுண்மைக்குச் சான்றாக, நாம் வாழும் இந்த மும்பை மாநகரில் கட்டப்பெற்று, இரு நூறு ஆண்டுகளைக் கடந்து, இன்றும் நீரில் மிதந்து நிற்கும் ஒரு கப்பலின் வரலாற்றை நம் சங்கத்து ஆண்டு விழா மலரில் எழுத விரும்பினேன். அக்கப்பலின் பெயர் தமிழர் செவிக்கு இனிமையானது. ஆங்கிலேயர் நாவில் ‘ட்ரிங்கோமலி’ என்று சிதைந்த திருகோணமலை என்பதே அது.

கப்பல் துறையும் வாடியா குடும்பமும்

அந்நாளில் பம்பாய் என வழங்கிய இந்நகரம், ஆலைகளால் பெயர் பெறுவதற்கு முன்பே கப்பல்களால் பெயர் பெற்றது. 1736ஆம் ஆண்டில் சூரத்திலிருந்து லவ்ஜி நசர்வாஞ்சி வாடியா என்னும் பார்சித் தச்சரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கு வரவழைத்தனர். 1750இல் கோட்டைப் பகுதியில் கடல் நீரை அடைத்து வெளியேற்றிக் கப்பலின் அடிப்பாகத்தைப் பழுது பார்க்கும் உலர்துறை அமைந்தது. இன்று நம் நாட்டுக் கடற்படையின் பொறுப்பில் உள்ள அவ்விடத்தைச் சிங்க வாயிலின் வழியே செல்லும் பணியாளரன்றி மற்றவர் காண்பது அரிது. நாம் நாள்தோறும் மின்சார ரயிலில் இறங்கும் கோட்டை நிலையத்திலிருந்து அது நடை தூரமே.

லவ்ஜிக்குப் பின் அவர் மக்களும் பேரர்களும் தலைமுறை தலைமுறையாகத் தலைமைத் தச்சர்களாயினர். அவர்களுள் ஜம்சேத்ஜி பமன்ஜி வாடியா பெரும் புகழ் எய்தினார். 1810இல் இவர் கட்டி முடித்த ‘மிண்டன்’, பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே ஆங்கில அரசக் கடற்படைக்கெனக் கட்டப்பட்ட முதற்பெரும் போர்க்கப்பல் என்பர். 1813இல் கடல் கண்ட ‘கார்ன்வாலிஸ்’ என்னும் கப்பலின் தளத்திலேதான் 1842ஆம் ஆண்டு சீனத்துடன் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அபினிப் போரின் முடிவாகிய அந்த உடன்படிக்கை சீனருக்குப் பெருந்துயர் தந்தது என்பதையும் நாம் மறத்தல் கூடாது. தச்சரின் கைத்திறன் ஒன்று. அக்கைத்திறனைக் கொண்டு அரசு செய்த செயல் மற்றொன்று.

ஜம்சேத்ஜியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. தாம் கட்டிய கப்பல் ஒன்றின் அடிமரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், இது கறுப்பன் ஒருவன் கட்டியது என்னும் கருத்துப்பட அவர் பொறித்து வைத்தாராம். பல்லாண்டு கழித்து அக்கப்பல் பழுதுக்கு வந்தபோது அதைச் சுட்டிக் காட்டினாராம். கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், வெள்ளையர் வசையாக வழங்கிய சொல்லைத் தம் வேலையின் முத்திரையாக மாற்றிய அந்த உள்ளத்தை நாம் உணர்ந்து கொள்ளலாம்.

தேக்கின் பெருமையும் காட்டின் துயரமும்

ஆங்கிலேயர் கடல் கடந்து வந்து இங்கே கப்பல் கட்டியது ஏன்? நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் அவர்கள் நாட்டு ஓக் மரம் அருகிவிட்டது. தேக்கோ எண்ணெய்ப் பசை உள்ள மரம். கரையான் அதனை எளிதில் தீண்டாது. நீரிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்தாலும் மிகுதியாகச் சுருங்குவதோ பருப்பதோ இல்லை. இன்னொரு சிறப்பும் உண்டு. ஓக் மரத்தில் துவர்ப்பு அமிலம் மிகுதி. அது உள்ளே அடித்த இரும்பு ஆணியை அரித்துவிடும். அரித்த ஆணி மரத்தைக் கெடுக்கும். தேக்கு தன் எண்ணெயால் ஆணியைக் காக்கும். ஆகவே ஓக் கப்பல் பல முதுமைக் காணு முன்னே தளர, தேக்குக் கப்பல் தலைமுறைகளைக் கண்டது. தேக்கு என்னும் நம் சொல்லே போர்த்துக்கீசியர் வாயிலாக ஆங்கிலத்தில் சென்று ‘டீக்’ ஆயிற்று.

ஆனால் பெருமையை மட்டும் கூறுவது வரலாறாகாது. அத்தேக்கு மலபார்க் காடுகளிலிருந்து வந்தது. 1806ஆம் ஆண்டு கேப்டன் வாட்சன் என்பவர் காட்டுக் காவலராக நியமிக்கப்பட்டார். தேக்கு முழுவதும் கம்பெனிக்கே உரியது என்றாயிற்று. தம் காட்டு மரத்தைத் தாமே வெட்டும் உரிமையை நிலத்துக்குரியோர் இழந்தனர். மர வணிகரும் நலிந்தனர். எழுந்த முறையீடுகளுக்குப் பின், சென்னை ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1823இல் இம்முறையை ஒழித்தார். நாம் பேசும் திருகோணமலைக் கப்பல் 1816, 1817 ஆண்டுகளில் கட்டப்பட்டது. அதாவது, அந்த ஏகபோகம் நிலவிய காலத்தின் நடுவிலேயே அதன் பலகைகள் வெட்டப்பட்டன.

வெட்டியவர் மீண்டும் நடவில்லை. காடு குறைந்தது. அதன் பிறகே 1840களில் மலபார் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கினார். விதை முளைக்காமல் பலமுறை தோற்ற அம்முயற்சியை வெற்றியாக்கியவர் சாத்து மேனன். அதே காலத்தில் நம் கோவை மாவட்டத்து ஆனைமலைக் காடும் பம்பாய்க் கப்பல் துறைக்குத் தேக்கு தந்தது. மலை உச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடமே இன்று நாம் யானை காணச் செல்லும் டாப்சிலிப். பொள்ளாச்சிப் பக்கத்துக்கும் பம்பாய்க்கும் உறவு உண்டாக்கியது ரயிலுக்கும் முன்னே இந்த மரம்தான்.

பிறப்பும் பயணமும்

திருகோணமலைக்குப் பக்கத்துக் கடலில் 1782இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத போரின் நினைவாக இக்கப்பலுக்கு அப்பெயர் இடப்பட்டது. 1812இலேயே கட்ட ஆணை பிறந்தும் பணி 1816இல்தான் தொடங்கிற்று. வரைபடங்களை ஏற்றி வந்த ‘ஜாவா’ என்னும் கப்பலை அமெரிக்கர் 1812இன் இறுதியில் போரில் வென்று அழித்துவிட்டனர். மறுபடி வேறு படங்கள் வர வேண்டியதாயிற்று. பார்சி மரபுப்படி கப்பலின் அடிமரமாகிய ஏராவில் வெள்ளி ஆணி ஒன்றை அறைந்து ஜம்சேத்ஜி பணியைத் தொடங்கி வைத்தார். 150 அடி நீளமும் 40 அடி அகலமும் கொண்ட அக்கலம் 1817 அக்டோபர் 12ஆம் நாள் நீரில் இறங்கியது.

அதற்குள் ஐரோப்பாவில் போர் ஓய்ந்து போயிற்று. நெப்போலியன் செயின்ட் ஹெலினாத் தீவில் சிறை இருந்தார். 1819 ஜனவரியில் நம் கப்பல் அத்தீவில் தங்கி, நெப்போலியனுக்கு மருத்துவம் பார்த்த ஸ்டோக்கோ என்னும் மருத்துவரை ஏற்றிக் கொண்டு, ஏப்ரல் 30ஆம் நாள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறையை அடைந்தது. போர்க்கப்பல் வந்து சேர்ந்தது, போர் இல்லை. ஆகையால் 1845 வரை அது வாளா கட்டி வைக்கப்பட்டது. பின்னர் திருத்தி அமைக்கப்பெற்று 1847 முதல் 1850 வரை அமெரிக்கக் கிழக்குக் கரையிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக் கடலிலும் பணி செய்தது. அதன்பின் சிறுவர்க்கும் சேமப் படையினர்க்கும் பயிற்சிக் கப்பலாக ஊர் ஊராக நின்றது. 1860களில் அவ்வாறு நின்ற ஊர்களுள் ஒன்று இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஹார்ட்டில்பூல்.

1897ஆம் ஆண்டு அதன் விதி முடிந்தது என்றே தோன்றியது. உடைத்து விறகும் இரும்பும் ஆக்குவதற்காகக் கப்பல் விற்கப்பட்டது. அதே ஆண்டில், நெல்சனின் பழைய கப்பலாகிய ‘ஃபூத்ரோயாங்’ என்பதை வாங்கிப் புதுப்பித்து வைத்திருந்த வீட்லி காப் என்னும் செல்வர், அக்கப்பலைப் பிளாக்பூல் கரையில் புயலுக்குப் பலி கொடுத்திருந்தார். அவர் நம் கப்பலை உடைப்பவரிடமிருந்து மீட்டு வாங்கினார். ஆனால் இழந்த கப்பலின் பெயரை இதற்குச் சூட்டினார். உயிர் பிழைத்தது, பெயர் போயிற்று. அடுத்து வந்த பல பத்தாண்டுகள் அது பிறன் பெயரில் வாழ்ந்தது.

அருகிலே இன்னொரு முதிய கப்பலும் நின்றது. பிரெஞ்சுக்காரரிடம் 1805இல் கைப்பற்றிய ‘இம்ப்ளேக்கபிள்’ அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த வறுமைக் காலத்தில் அதனைப் புதுப்பிக்கப் பணம் தர யாரும் முன்வரவில்லை. 1949 டிசம்பர் 2ஆம் நாள் இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றி, வெடி வைத்து, கடலில் அமிழ்த்திவிட்டார்கள். மரக்கலம் முதுமையால் சாவதில்லை, கைவிடப்பட்டுச் சாகிறது என்பதற்கு அது சான்று.

மரத்தைப் புதுப்பித்த கதை

1986 வரை சிறுவர் பயிற்சிக் கலமாயிருந்த நம் கப்பல், 1987இல் மிதவைக் கலத்தின்மேல் ஏற்றப்பட்டு ஹார்ட்டில்பூலுக்கே மறுபடி வந்தது. அதற்குக் காரணம் உண்டு. ‘வாரியர்’ என்னும் இரும்புக் கப்பலைப் பல ஆண்டு உழைத்துப் புதுப்பித்த கைவினைஞர் குழு அவ்வூரில் இருந்தது. 1987இல் அப்பணி முடிந்தது. பணி முடிந்து கலைந்து போக இருந்த கைகளுக்கு இக்கப்பல் வேலை தந்தது. கைகள் கப்பலுக்கு உயிர் தந்தன. 1990இல் தொடங்கிய பணி 2001இல் நிறைவேறியது. செலவு ஒரு கோடி பவுனுக்கு மேல்.

பழைய மரக்கலத்தைப் புதுப்பிக்கும் முறையைச் சிறிது விளக்க வேண்டும். சிறு தோணியானாலும் பெருங்கப்பலானாலும் நெறி ஒன்றே. முதலாவது, எதையும் பெயர்க்கும் முன் அளந்து படம் வரைதல். முட்டுக் கொடாமல் பலகையைக் கழற்றினால் கலத்தின் வடிவமே சரிந்துவிடும். இரண்டாவது, சுத்தியால் தட்டியும் ஊசியால் குத்தியும் மரத்தைச் சோதித்தல். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். மூன்றாவது, கெட்ட பகுதியை மட்டும் நல்ல மரம் தென்படும் வரை வெட்டி எடுத்து, எஞ்சியதன் முனையை நீண்ட சாய்வாகச் சீவி, அதே சாய்வில் சீவிய புது மரத்தைப் பொருத்துதல். குட்டையாக வெட்டி ஒட்டினால் அலை அடித்ததும் விட்டுப் போகும். நீண்ட சாய்வில் ஒட்டினால் புதியதும் பழையதும் ஒரே மரமாகப் பாரம் தாங்கும். நான்காவது, பலகை இடுக்குகளில் நார் திணித்துக் கீல் பூசுதல். நம் கடற்கரை ஊர்களில் இதனைக் கலப்பத்து வேலை என்பார்கள். பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் நம்மவர் கருவிகள். ஐந்தாவது, மேலிருந்து வரும் மழைநீரைத் தடுத்தல். உப்பு நீர் மரத்தை ஓரளவு பதப்படுத்தும். தளத்தில் தேங்கி உள்ளே கசியும் மழைநீரே மரத்தை உளுக்கச் செய்யும். வெளிப்பகையைவிட உட்கசிவு கொடிது.

இவ்வாறு பதினோர் ஆண்டு உழைத்த பின்னரும், கப்பலின் உடலில் பாதிக்கு மேற்பட்ட மரம் பம்பாயில் இழைத்த பழைய மரமாகவே நின்றது. மூன்று பாய்மரங்களும் மீண்டும் எழுந்தன. முகப்பில் தலைப்பாகை கட்டிய இந்திய ஆடவர் உருவம் விளங்குகிறது. இன்றும் நீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது இதுவே. இதனினும் மூத்த நெல்சனின் ‘விக்டரி’ நெடுங்காலமாக உலர்துறையில் நிற்கிறது.

மரத்துக்குச் செய்த பணியைப் போலவே பெயருக்கும் ஒரு பணி செய்தார்கள். 1992இல், அதாவது 95 ஆண்டுகளுக்குப் பின், இரவல் பெயரை நீக்கித் ‘ட்ரிங்கோமலி’ என்னும் பிறந்த பெயரையே மறுபடி சூட்டினார்கள்.

நமக்கு ஒரு கேள்வி

கிரேக்க நாட்டு அறிஞர் பழங்காலத்தில் ஒரு கேள்வி எழுப்பினர். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு நகரத்தார் பாதுகாத்து வந்தனர். உளுத்த பலகை ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி வந்தனர். எல்லாம் மாறிய பின் அது அதே கப்பலா, வேறா என்பது வினா. இக்கேள்வியை நம் குடியிருப்பில் வாழும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். மாட்டுங்கா ரயில் பட்டறையில் தச்சராயிருந்து ஓய்வு பெற்றவர் அவர். தேக்குப் பலகை வேய்ந்த பழைய பெட்டிகளைப் பழுது பார்த்த கை.

“பலகையை யார் வேணுமின்னாலும் மாத்தலாம் தம்பி. பழைய பலகை எந்த வளைவில இருந்துச்சோ அந்த வளைவு தெரிஞ்சவன் மாத்தினா அதே வண்டி. தெரியாதவன் மாத்தினா வேற வண்டி” என்றார்.

அறிஞர் விடை காணாத வினாவுக்கு அவர் விடை கண்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். மாற்றம் கேடன்று, வளைவை மறத்தலே கேடு.

தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நெல்லைச் சீமையார் முதல், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலகம் நாடி வந்தவர் வரை, நாமும் பலகை மாறி வரும் கலமே. முதலில் வந்தவர் மறைந்தனர். அவர் மக்கள் மராத்தியும் இந்தியும் கலந்து பேசினர். பேரர் பலர் இன்று தமிழ் பேசுவர், எழுதப் படிக்க அறியார். இதற்காக அவர்களைக் கடிந்து பயனில்லை. நல்ல மரம் தென்படும் இடத்திலிருந்து நீண்ட சாய்வாக ஒட்டுப் போடுவதே செய்யத்தக்கது. பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து கற்பிப்பது அத்தகைய ஒட்டு. நம் சங்கத்து ஞாயிறு வகுப்பு அதற்கென்றே உள்ளது.

இன்னொன்றும் உண்டு. திருகோணமலைக் கப்பலைக் கட்டியவர் யார் என்றால் வரலாற்று நூல்கள் ஜம்சேத்ஜியின் பெயரைச் சொல்கின்றன. அது நியாயமே. ஆனால் காட்டில் மரம் வெட்டியவர் யார், வாய்ச்சி பிடித்துச் செதுக்கியவர் யார், பலகை இடுக்கில் நார் திணித்தவர் யார்? பம்பாய்த் தளத்தில் உழைத்த அத்தனை கைகளுக்கும் பெயர் இருந்தது. கப்பல் நிற்கிறது, அப்பெயர்களை நாம் அறியோம். கப்பலுக்கே தன் பெயரைத் திரும்பப் பெற 95 ஆண்டு ஆயிற்று. அதற்காவது ஏட்டில் பெயர் இருந்தது; தேடி எடுத்தார்கள். எழுதி வையாத பெயரை எத்தனை ஆண்டு கழித்தும் தேடி எடுக்க இயலாது.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரில் விளம்பரப் பக்கங்களுள் நான்கைக் குறைத்தேனும், நம் குடியிருப்புக்கு முதலில் வந்த முன்னோரின் பெயர், ஊர், செய்த தொழில், வந்த ஆண்டு ஆகியவற்றை அச்சிட வேண்டும். தச்சர், தோல் தொழிலாளி, மூட்டை சுமந்தவர், இட்லி விற்ற அம்மையார் என எவரையும் விடலாகாது. வீட்டுக்கு ஒருவர் முதியவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும். மாட்டுங்காப் பெரியவரின் தாளை நான் எழுதி முடித்துவிட்டேன். அவர் பிறந்த ஊரும், பட்டறையில் சேர்ந்த ஆண்டும், தொழில் கற்பித்த குருவின் பெயரும் அதில் உள்ளன. குருவின் பெயரைச் சொல்லும்போது அவர் எழுந்து நின்று சொன்னார்.